ஆம்புலன்ஸில் ஏறிய அம்மன்

புது ஆரஞ்சுச் சட்டையில் நீங்கள் எல்லோரும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். காலரில் வாந்திக் கறையும், பையில் பேனா ஒழுகிய நீலமும் தானாக வந்து சேரும். அப்போதுதான் தெருவில் உங்களை நம் ஆம்புலன்ஸ் சங்கத்து ஆள் என்று நம்புவார்கள். அதுவரைக்கும் யாரோ கல்யாணத்துக்குப் பரிமாற வந்த பையன்கள் என்றுதான் நினைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பது, ஸ்ட்ரெச்சரை மடிப்பது, விரலில் மாட்டும் மீட்டரைப் படிப்பது எல்லாவற்றையும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அந்த வேலையை என்னிடம் விடவில்லை. விட்டிருந்தாலும் நான் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றவளிடம் 'உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் சயாமா' என்று கேட்டார்கள். நர்ஸையும் டீச்சரையும் இந்தப் பர்மிய ஊரில் சயாமா என்றுதானே கூப்பிடுகிறோம். நான் இரண்டும் முழுதாக ஆனதில்லை. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்களில் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

நான் சொல்லப்போவது நம் தாகேதா வட்டாரத்தில் திலகாவை வீட்டை விட்டுக் கிளப்பிய கதை.

வெயில் காலத்தில் இந்த ஊர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே மலைப்பக்கம் காடு எரிகிற புகை இங்கே வந்து தொங்கும். அது போதாதென்று, காய்ந்துபோன புல்லும் நாணலும் ஊருக்குள்ளேயே எங்காவது பற்றிக்கொள்ளும். அந்த வருடம் எங்கள் வார்டுக்குக் கிழக்கே இருந்த நாணல் காடு புகைய ஆரம்பித்தது. பெரிய நெருப்பு இல்லை. அடியில் கனன்றுகொண்டே இருந்தது. தீயணைப்புக்காரர்கள் ஒரு பக்கம் அணைத்தால் இன்னொரு பக்கம் தலை நீட்டியது. காற்று நம் பக்கம் திரும்பினால் மூங்கில் வீடுகளுக்கு என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் குழுத் தலைவரை எல்லோரும் கோஜீ என்று கூப்பிடுவோம். பெரியண்ணன் என்று அர்த்தம். அவர் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கலாம், ஆனால் நம் சங்கத்தில் சம்பளமே கிடையாதே. அதனால் எனக்கு இன்றுவரை அது தெரியாது. பர்மியர், வெற்றிலை போடாத அதிசயப் பிறவி, கோபம் வந்தால் குரல் குறைந்துபோகும். அவரும் நானும் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினோம். ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலை மூடி இடுக்கெல்லாம் டேப் ஒட்டுங்கள். கதவுக்கு அடியில் ஈரத்துணி வையுங்கள். உள்ளே எண்ணெய் காய்ச்சாதீர்கள், கொசுவத்தி வேண்டாம், சுருட்டு கூடவே கூடாது. வாசலில் ஒரு பை தயாராக இருக்கட்டும், அதில் மருந்தும் முக்கியமான காகிதங்களும் தண்ணீரும் மாற்றுத் துணியும் இருக்கட்டும். கிளம்பச் சொன்னால் பஸுண்டவுங் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில் இருக்கும் பௌத்த மடத்துக்கு வந்துவிட வேண்டும். மடத்தின் பெரிய பிக்கு கூடத்தை ஒழித்து வைத்திருந்தார்.

இந்தப் பாடத்தில் முதல் மாணவி திலகா. கணவர் கப்பலில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். திலகா தெருமுனையில் தோசைக்கடை போட்டிருந்தாள். பர்மியர்கள் அவளைத் 'தோஷே அமா' என்று கூப்பிடுவார்கள், தோசை அக்கா. அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. முந்தின வருடம் வெயில் காலத்தில் அவளை நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது உதடு நீலமாகிவிட்டது. பிழைத்து வந்தவள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று. நாங்கள் வீட்டுக்குப் போனபோது டேப் ஒட்டியிருந்த அழகைப் பார்த்துக் கோஜீயே அசந்துபோனார். ஜன்னல் ஓரத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தோசை வார்க்கிற கை அல்லவா.

"பார்த்தீங்களா சயாமா, எறும்பு கூட உள்ள வரணும்னா என்கிட்ட அனுமதி கேக்கணும்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வேலையில் பெருமை வந்தால் அடுத்தது என்ன வரும் என்று இனிமேல் தெரிந்துகொள்வீர்கள்.

காற்று திரும்பிய நாள் பிற்பகலில் வானம் மஞ்சளாகி, பிறகு காவியாகி, எதிர்வீட்டுக் கூரை மங்கிப்போனது. ஒலிபெருக்கியில் 'தயாராக இருங்கள்' என்பது 'கிளம்புங்கள்' என்று மாறியது. சிலர் கிளம்பினார்கள். பலர் வாசலில் நின்று மற்றவர்கள் கிளம்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளையும் நடக்க முடியாதவர்களையும் முதல் நடையிலேயே மடத்துக்கு அனுப்பிவிட்டோம். திரும்பி வரும்போது திலகாவின் பக்கத்து வீட்டுக்காரர், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஊ மியா, வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கை காட்டினார்.

"தோஷே அமாவுக்கு மூச்சு வாங்குது. கதவைத் திறக்க மாட்டேங்குது. திறந்தா புகை வந்துரும்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

நான் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து டேப் கிழியும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் ஒரு பெரிய வெண்புகை என் முகத்தில் அறைந்தது. வெளியில் இருந்ததைவிட உள்ளே புகை அதிகம். ஆனால் வாசனையான புகை.

சாம்பிராணி!

திருவிழா தொடங்கி அவள் காப்புக் கட்டிய நாளிலிருந்து காலையும் மாலையும் அம்மன் படத்துக்குத் தூபம் காட்ட வேண்டும். அதை அவள் ஒருவேளையும் தவறவில்லை. எறும்பு கூட நுழைய முடியாத அறைக்குள் உட்கார்ந்து, தட்டு நிறையத் தணல் வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டிருக்கிறாள். நடுவில் திலகா மஞ்சள் சேலையில், கண்ணில் நீர் வழிய, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"கொசுவத்தி... கூடாதுன்னீங்க. சுருட்டு கூடாதுன்னீங்க. நான் வைக்கலையே. இது அம்மனுக்கு" என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு விசிலோடு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி, கதவை மூடி, மருந்தை ஆவியாகக் கொடுத்தோம். விரல் மீட்டர் காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. விசில் சத்தம் மெலிந்தது. அவள் பேசுகிற அளவுக்குத் தேறியதும், "சரி, இப்படியே மடத்துக்குப் போயிடலாம்" என்றேன்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கி நின்றுகொண்டு வலது மணிக்கட்டைக் காட்டினாள். மஞ்சள் துண்டு கட்டிய காப்புக் கயிறு.

"பாலத்தைத் தாண்ட மாட்டேன் சயாமா. காப்புக் கட்டினவ எல்லையைத் தாண்டக் கூடாது."

இந்தத் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த கட்டு. காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரைக்கும் கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான். எந்த அவசரத்துக்கும் பாலம் ஏறக் கூடாது. எனக்கும் தெரியும். நெருப்பு வருகிற அன்று அது குறுக்கே வந்து நிற்கும் என்றுதான் தோன்றவில்லை.

நான் வாதாடினேன். வாதாடுவதில் எனக்குப் பேர் உண்டு. அம்மன் உன் உயிரைக் கேட்பாளா என்றேன். நெருப்பு வந்தால் காப்பும் எரியும் என்றேன். கணவருக்கு என்ன பதில் சொல்வது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் அமைதியாகச் சொன்னாள்:

"போன வருசம் போயிருக்க வேண்டிய மூச்சு. அவ திருப்பிக் குடுத்தா. அதைக் காப்பாத்திக்கிறதுக்கு அவளுக்குக் குடுத்த வாக்கை உடைச்சுட்டு ஓடினா, அப்புறம் இந்த மூச்சை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கிழக்கே நாணல் வெடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ உலர்ந்த அப்பளத்தை நொறுக்குவது மாதிரி. அவளை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அடம் பிடித்து அழுது கத்தினால் மூச்சு மறுபடி அடைக்கும், வண்டியிலேயே போய்விடுவாள். விட்டுவிட்டுப் போனாலும் புகை அவளை விடாது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

கோஜீ இத்தனை நேரமும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தமிழ் புரியாது. நான் பர்மியத்தில் விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ அவகிட்ட ஏன் வரமாட்டேன்னு கேட்டியே. யார்கூட வருவேன்னு கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் என்ன கேள்வி இது. ஆனாலும் திரும்பி அதையே திலகாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அம்மன் போனா நான் போவேன்."

எங்கள் தெருவின் அம்மன் கோயில் நம் அலுவலகத்தைவிடச் சிறியது. திருவிழா நாட்களில் அம்மன் கரகத்தில் இருப்பாள். செம்புக்குடம், வேப்பிலை, பூச்சரம். பூசாரி மற்ற நாட்களில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர். திலகாவை ஏற்றிக்கொண்டு நாங்கள் போனபோது அவர் கரகத்துக்குப் பக்கத்தில் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காப்புக் கட்டிய இன்னும் சில பேர் வாசலில் நின்றார்கள். யாரும் கிளம்பவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் கரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அம்மனைப் பாலம் தாண்டிக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். மத்தியானத்திலிருந்து அந்த ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் போலும்.

"கரகம் எழுந்தா அது ஊர்வலம். அவ எங்க போறாளோ எல்லை அங்க வரைக்கும் போகும்" என்றார். பிறகு இருமினார். "ஆனா அவ இதுவரைக்கும் பாலம் தாண்டினதில்ல. நானா முடிவு பண்ண முடியாது. பூக்கேட்டுப் பார்க்கணும்."

பூக்கேட்பது என்றால் என்னவென்று உங்களில் பர்மியப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

சிவப்பு வந்தால்? அதற்குப் பிறகு திலகாவை யார் பேசியும் அசைக்க முடியாது. வாசலில் நிற்கிறவர்களையும்தான். இதையெல்லாம் பூசாரியிடம் சொல்ல வழியில்லை. கோஜீ என்னை வண்டிக்குக் கூப்பிட்டு இடம் ஒழிக்கச் சொன்னார். சிலிண்டரை ஓரமாகக் கட்டி, பெஞ்சைத் துடைத்து, நான் திரும்பி ஓடி வருவதற்குள் பொட்டலங்கள் இரண்டும் கரகத்தின் முன்னால் தயாராகக் கிடந்தன. திலகா தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

எடுப்பதற்குச் சின்னக் குழந்தையைத்தான் கூப்பிடுவார்கள், கபடமில்லாத கை என்று. குழந்தைகள் எல்லாம் மடத்துக்குப் போய்விட்டார்கள். பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு ஊ மியாவைக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டிய சைக்காக்காரர், வாய் நிறைய வெற்றிலை, என்ன நடக்கிறது என்று ஒரு மண்ணும் தெரியாது. அதைவிடக் கபடமில்லாத கை அந்த வார்டில் கிடைக்காது. அவர் கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

மல்லிகை. வெள்ளை!

காப்புக் கட்டியவர்கள் குரவையிட்டார்கள். அந்தப் புகையில் குரவை பாதி இருமலாக வந்தது. நான் அழுதுவிட்டேன். புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் புகையால் இல்லை. பூசாரி கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸின் பின்கதவுக்கு வந்தார். அவர் பின்னால் ஒருவர் கையில் அணையா விளக்கு, சுடர் ஆட ஆட.

"நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் நாணல் நெருப்பே ஒரு கணம் நின்றிருக்கும்.

வண்டிக்குள் ஆக்சிஜன் திறந்திருந்தது. வெள்ளை வந்ததும் முதல் ஆளாக ஏறிவிட்ட திலகா அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தாள். அந்த விளக்கு உள்ளே ஏறினால் நாங்கள் யாரும் பாலத்தையே பார்த்திருக்க மாட்டோம். விளக்கை அணைக்கச் சொன்னால் பூசாரி இறங்கிவிடுவார். பூசாரி இறங்கினால் அம்மன் இறங்குவாள், அம்மன் இறங்கினால் திலகா இறங்குவாள். கோஜீ என்னைப் பார்த்தார். இவர்கள் உன் ஆட்கள், நீ சொல்லு என்கிற பார்வை.

எதிரே ஹார்டுவேர் கடை காதர் காக்கா கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "காக்கா, அரிக்கேன் விளக்கு இருக்கா?" என்று கத்தினேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் பூட்டைத் திறந்து ஒன்றைக் கொண்டுவந்தார். "கண்ணாடி புதுசு, பார்த்து" என்றார். சுடரை அதற்கு மாற்றினோம். கண்ணாடிக்குள் அது ஆடாமல் நின்றது.

"விளக்கு முன்னால போகட்டும் ஐயா. எப்பவும் ஊர்வலத்துல விளக்கு முன்னாலதானே போகும்?" என்றேன்.

பூசாரி யோசித்தார். "ஆமா. முன்னாலதான்" என்றார்.

ஆக, ஊ மியாவின் சைக்காவில் விளக்கு ஏறியது. பக்கத்து இருக்கையில் அரிக்கேனை மடியில் வைத்துக்கொண்டு காதர் காக்காவே உட்கார்ந்தார், தன் கண்ணாடியை வேறு யாரையும் நம்பி விடமாட்டேன் என்று. அதற்குப் பின்னால் எங்கள் ஆம்புலன்ஸ், உள்ளே கரகம், பூசாரி, மூக்கில் குழாயோடு திலகா. சைக்காவின் வேகம்தான் எங்கள் வேகம். கோஜீ முதல் கியரிலேயே ஓட்டினார். பின்னால் ஒரு சிறு லாரியில் காப்புக் கட்டிய மற்றவர்கள், திருவிழாவுக்கு வந்திருந்த மேளக்காரர்கள் இரண்டு பேர். நாங்கள் கொடுத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அடித்தார்கள் பாருங்கள், அந்த மாதிரி அடி நான் திருவிழாவிலும் கேட்டதில்லை.

இனிமேல்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஒலிபெருக்கிக்கு அசையாத தெரு மேளத்துக்கு அசைந்தது. வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த பர்மியக் குடும்பங்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கின. தனாக்கா மரப்பட்டைக் குழைவு பூசிய முகத்தில் ஈரத்துணி கட்டிய பெண்கள், மோட்டார் சைக்கிளில் சேவலைக் கட்டிக்கொண்ட ஒருவர், பள்ளிவாசல் தெருவிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள். எங்கே போகிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, 'அம்மனே கிளம்பிட்டா, நீ எதுக்கு நிக்கிற?' என்று யாரோ பர்மியத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. இத்தனை நாள் நாங்கள் பாடம் நடத்தி முடியாததை ஒரு மேளம் பாலம் வரைக்கும் இழுத்துவந்தது.

பாலத்தின் நடுவில் திலகா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே கால்வாய், பின்னால் காவி வானம். அவள் காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல் மீட்டர் எண் நல்லபடியாக இருந்தது. அந்த எண்ணை நான் பாலம் முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

மடத்தின் வாசலில் பெரிய பிக்கு நின்றுகொண்டிருந்தார். கோஜீ இறங்கி வணங்கி, கூடவே ஒரு சாமியும் வந்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பிக்கு வண்டிக்குள் பார்த்தார். வேப்பிலைக்கு நடுவில் கரகம் மின்னியது.

"இந்தப் புகையில் எல்லோருக்கும்தான் கஷ்டம். அவங்களுக்கு ஜன்னல் பக்கமா இடம் கொடுங்க" என்றார்.

அம்மனுக்கு ஒரு பாய் கிடைத்தது. பக்கத்துப் பாய் திலகாவுக்கு. நாணல் நெருப்பு வார்டின் ஓரத்துச் சாக்கடை வரைக்கும் வந்து, சில வேலிகளைத் தின்றுவிட்டு, தீயணைப்புக்காரர்களிடம் தோற்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் நான் கண் விழித்தது தோசை வாசனைக்கு. மடத்துச் சமையற்கட்டில் திலகா முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். மருந்தும் காகிதமும் வைக்கச் சொன்ன பையில் மாவுப் பாத்திரத்தையும் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்! நல்லவேளையாக மருந்தும் இருந்தது. நான் திட்டிக்கொண்டே நான்கு தோசை சாப்பிட்டேன். பிக்குகள் வரிசையில் நின்றார்கள்.

அன்றைக்கு ஆம்புலன்ஸைக் கழுவும்போது பெஞ்சுக்கு அடியில் வேப்பிலைக் குப்பையோடு ஒரு இலைப் பொட்டலம் கிடைத்தது. ஊ மியா எடுக்காமல் விட்ட இன்னொன்று. கரகத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். பிரித்தேன்.

அதிலும் மல்லிகை.

நேராகப் பூசாரியிடம் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சைக்கிள் டியூபில் ஓட்டை தேடும் அதே முகம்.

"செவ்வரளி கிடைக்கல சயாமா. அந்தப் புகையில நான் எங்க போய்ப் பறிக்கிறது?" என்றார். என் உள்ளங்கையை மூடிவிட்டு, "அவ வரமாட்டேன்னு சொல்றவ இல்ல. பிள்ளைங்க மூச்சடைச்சுக் கிடக்கும்போது சிவப்புப் பூவைத் தேடி நான் ஏன் அலையணும்?" என்றார்.

நான் பொட்டலத்தை மடித்துக் கால்வாயில் விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகத் திலகாவிடம். அவள் நம்பிக்கையை நான்தான் பாதுகாக்கிறேன் என்று ஒரு நினைப்பு. எத்தனையோ தடவை அவள் கடையில் தோசை சாப்பிடும்போது வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் இரண்டு வழக்கங்கள் புதிதாக வந்துவிட்டன. காப்புக் கட்டும் முன் பூசாரி, "மருந்து கையில இருக்கா?" என்று கேட்பார். திலகா மூச்சிழுப்பு மருந்துப் பம்ப்பை எடுத்துக் காட்டினால்தான் கயிறு ஏறும். இன்னொன்று, புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊர்வலம் பாலம் தாண்டி மடத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பும். முன்னால் ஊ மியாவின் சைக்காவில் அதே அரிக்கேன். பிக்கு ஜன்னல் பக்கம் பாய் விரித்து வைத்திருப்பார்.

நான் ஓய்வு பெற்ற அன்று திலகா எனக்காகக் கடையைச் சீக்கிரம் மூடினாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். இனிமேல் நான் யாருக்கும் சயாமா இல்லை, மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது திலகா, என்று. அவள் அழுவாள் என்றோ கோபப்படுவாள் என்றோ தயாராக இருந்தேன்.

அவள் சிரித்தாள். சட்னிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாள். எனக்குப் பழைய பயம் வந்து பம்ப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"சயாமா, நீங்க வண்டியில இடம் ஒழிக்கப் போனீங்கல்ல, அப்ப பூசாரி ஐயா பூவுக்குச் சுத்திமுத்திப் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல. நான்தான் என் தலையில இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து ரெண்டா பிச்சுக் குடுத்தேன்."

நான் பம்ப்பைத் தேடுவதை விட்டேன்.

"அப்புறம் எதுக்குடி அவ்வளவு அடம் பிடிச்ச?"

"எனக்கு மட்டும் மூச்சு விடணும்னு ஆசை இருக்காதா? போகணும்தான் இருந்துச்சு. அவளை அங்க விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது? கூட்டிட்டுப் போகலாமான்னு ஒருத்தராவது கேக்க மாட்டீங்களான்னுதான் நின்னேன்" என்றாள் திலகா. பிறகு எழுந்து, கல்லில் மறுபடி மாவை ஊற்றினாள்.